திட்டத் தெரியாத குரல்

போன வாரக் கதையில் உங்களையெல்லாம் கொட்டும் மழையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கோபம் இருந்தால் பிறகு திட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடுகிறேன்.

எங்கள் ஊர் தா லோ. நான் கீழ்த்தெருவில் காலை நேரத்தில் பாத்தோங்கோ என்கிற மாவுப் பலகாரம் பொரித்து விற்கிற கம்மூன். என் கடைக்கு எதிரே மேட்டில் தெரிவது ஊர்த் தலைவி புவாலையின் வீடு. பதினோரு வருடம் தினமும் காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் எங்களை எழுப்பி, செய்தி சொல்லி, திட்டி, வேலைக்கு அனுப்பி வைத்தவள் அவள். பிப்ரவரியில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது.

மகள் லம்யை சியாங் மாய் நகரத்தில், எந்திரங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் பதினோரு வருடப் பேச்சும் ஊர் அலுவலகத்துப் பெட்டியில் பதிவாகிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், மூன்று மாதம் சரியாகச் சாப்பிடாமல் உழைத்து, அம்மாவின் குரலையே திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். புவாலை கைக்கணினியில் தட்டினால் போதும், ஒலிபெருக்கி புவாலையாகவே பேசும். முதல் நாள் அதைக் கேட்டு நான் அடுப்பை மறந்து அழுதேன். ஒரு சட்டி மாவு கரியாகிப் போனது. போகட்டும்.

அழாதவன் மூத்த மகன் தோங் ஒருவன்தான். "அம்மாவைப் பொட்டிக்குள்ள போட்டு மூடிட்டே" என்று தங்கையிடம் சொன்னான். நாலு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அந்தக் குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவான். அவன் வீடு கீழ்த்தெருவின் கடைசியில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. உள்ளே மனைவி மயுரியும், பிறந்து ஐம்பது நாளான பெண் குழந்தையும்.

போன வாரக் கதையின் கடைசியில் லம்யை இன்னொரு காரியம் செய்தாள். ஆறு ஊருக்குள் வருவதற்கு முன் கடக்கும் மேல்பாலத்தில் நீர் அளக்கும் கருவியை அந்தக் குரலோடு இணைத்தாள். ஆறு ஏறினால் யாரும் எதையும் தட்ட வேண்டாம், குரல் தானாகவே எச்சரிக்கும். இணைத்து மூன்று நாள் மழை விடவில்லை. சனிக்கிழமை விடிந்தபோது மேல்பாலத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

*

ஆறு மணி பத்து நிமிடம். நான் இரண்டாவது சட்டி போட்டிருந்தேன். பன்றி வளர்க்கும் இன்பான், தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து சோயாப் பால் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி பேசியது.

"மதிப்பிற்குரிய தா லோ ஊர் மக்களுக்கு வணக்கம். மேல்பாலத்தில் ஆற்று நீர் ஏழு மீட்டரைத் தாண்டியுள்ளது. ஏழு நாற்பது மணி அளவில் கீழ்த்தெருவுக்குள் நீர் வரக்கூடும். தயவுசெய்து அனைவரும் விகாரை மண்டபத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். நன்றி."

"என்னவாம்? கொசு மருந்து அடிக்க வராங்களாமா?" என்றார் இன்பான்.

"ஆத்துல தண்ணி வருதாம்."

"ஆத்துல தண்ணி வராம சோயாப் பாலா வரும்? இன்னும் ரெண்டு போடு."

நானும் இன்னும் இரண்டு போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். புவாலைக்கு எப்போதும் இரண்டு பேச்சு உண்டு. மாவட்ட அலுவலகத்துக் காகிதத்தை வாசிக்கும்போது "மதிப்பிற்குரிய", "கேட்டுக்கொள்கிறோம்" எல்லாம் வரும். அப்போது நாங்கள் பல் தேய்ப்போம், கோழிக்குத் தீனி போடுவோம். காகிதத்தை வைத்துவிட்டு, மைக்கை மூன்று தட்டுத் தட்டி, "கேக்குதா? கேக்கலைன்னு பொய் சொல்லாதீங்க, கேக்கும்" என்று ஆரம்பித்தால்தான் விஷயம் நிஜம். யார் பெயர் வரப் போகிறதோ என்று ஊரே வாயில் பிரஷ்ஷோடு நிற்கும். பெயர் சொல்லித் திட்டு விழுந்தால் அந்த வேலை அன்றைக்கே முடியும்.

எந்திரம் வந்த பிறகு ஊரில் திட்டே இல்லை.

"ஏழு மாசமாச்சு என்னை ஒருத்தர் திட்டி" என்றார் இன்பான். "உசுரோட இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு, கம்மூன்."

குரல் இரண்டாம் முறை வணக்கம் சொன்னது. மூன்றாம் முறையும் சொன்னது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

*

மேட்டு வீட்டில் நடந்ததை லம்யை பிற்பாடு ஒன்று விடாமல் என்னிடம் சொன்னாள். தன்னை உயர்த்தியும் சொல்லவில்லை, மறைத்தும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

முதல் அறிவிப்பு முடிந்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். மாவட்ட அலுவலகத்து எச்சரிக்கை இன்னும் வரவே இல்லை, இவள் எந்திரம் முந்திக்கொண்டது. நேரத்தைக்கூடக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. அம்மாவைக் கட்டிக்கொண்டு, "பார்த்தியாம்மா, நீ தூங்கறப்பவே உன் குரல் வேலை பார்க்குது!" என்றாளாம்.

புவாலை ஜன்னல் பக்கம் போய், அதே மேட்டில் இருக்கும் விகாரையைப் பார்த்தாள். மண்டபத்தில் பெரிய பிக்குவும் இரண்டு நாய்களும்தான் இருந்தார்கள்.

புவாலை கழுத்தில் எப்போதும் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கும். அதில் எழுதிக் காட்டினாள்.

"ஒருத்தரும் வர மாட்டாங்க. நான் திட்டலை."

"திட்டணுமா? எதுக்கும்மா? இவ்வளவு தெளிவா..."

புவாலை கைக்கணினியை எடுத்து விறுவிறுவென்று தட்டினாள். 'இன்பான், சோயாப் பாலைக் கீழே வைடா சோம்பேறி, பன்றிக் கொட்டிலைத் திறந்துவிட்டு ஓடு.'

ஒலிபெருக்கி எங்கள் தலைக்கு மேல் இனிமையாகப் பேசியது: "மதிப்பிற்குரிய திரு. இன்பான் அவர்களே, தங்கள் பானத்தை அருந்தி முடித்த பின், வசதிப்பட்டால் கொட்டிலைத் திறந்துவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். நன்றி."

கீழ்த்தெரு முழுக்கச் சிரித்தது. இன்பான் எழுந்து நின்று ஒலிபெருக்கிக்குக் கும்பிடு போட்டார். பிறகு உட்கார்ந்து, சொன்னபடியே பானத்தை அருந்தினார்.

மேலே லம்யையின் முகம் வெளுத்துவிட்டது. கம்பெனியின் விதி அது. ஊர் ஒலிபெருக்கியில் யாரையும் பெயர் சொல்லி ஏசக் கூடாது, எந்திரம் தானே திருத்திவிட வேண்டும். அந்த விதியைத் தன் கையாலேயே உள்ளே வைத்தவள் லம்யை. பதினோரு வருடப் பேச்சிலிருந்து திட்டையெல்லாம் வயலில் களை எடுப்பதுபோல் உட்கார்ந்து எடுத்தவளும் அவள்தான். அம்மாவைப் பெரிய மனுஷியாகக் காட்டுகிறோம் என்று நினைத்துச் செய்தாள்.

"இப்படி மாத்தும்னு உனக்குத் தெரியுமாம்மா?"

புவாலை எழுதினாள். "முதல் வாரமே தெரியும்."

"ஏம்மா சொல்லலை?"

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே."

அதைப் படித்துவிட்டு அழ உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவள் உட்காரவில்லை. விதியை எடுக்க வேண்டுமென்றால் சியாங் மாயில் ஆள் வேண்டும், அலுவலகம் ஒன்பது மணிக்கு. ஆற்று நீர் வருவது ஏழு நாற்பதுக்கு. கடிகாரத்தைப் பார்த்தாள், மணி ஆறு முப்பது. அலமாரியைத் திறந்தாள். மாவட்டம் கொடுத்த பாராட்டுக் கேடயத்துக்குப் பின்னால் பழைய மைக், துணியில் சுற்றிக் கிடந்தது. எந்திரத்தின் வயரைப் பிடுங்கினாள். இதை அந்தப் பெட்டியைப் பெற்றெடுத்தவளே செய்தாள் என்பதை நினைத்துப் பாருங்கள். மைக்கைச் சொருகினாள்.

"அம்மா, நீ எழுது. நான் திட்டறேன்."

*

டொக், டொக், டொக்.

தெருவே அப்படியே நின்றது. என் கையில் கரண்டி நின்றது.

"கேக்குதா?" நடுங்கின குரல். "கேக்கலைன்னு... பொய் சொல்லாதீங்க. கேக்கும்."

"யார்றா இது?" என்றார் இன்பான், பாலைக் கீழே வைத்துவிட்டு.

"நான் லம்யை. புவாலை பொண்ணு. எந்திரத்தை நிறுத்திட்டேன், அம்மா பக்கத்துல உக்காந்து எழுதிக் குடுக்கறாங்க. இன்பான் மாமா! சோம்பேறி! பன்னிக் கொட்டிலைத் திறந்துவிடுங்க. அதுங்களுக்கு நீந்தத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தூக்கப் போனீங்கன்னா பன்னி பொழைக்கும், நீங்க போயிடுவீங்க!"

இன்பான் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "திட்டறாடி!" என்று கத்திக்கொண்டே மழையில் ஓடினார்.

"கம்மூன் சித்தி! அடுப்பை அணைங்க. எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிட்டு ஓடாதீங்க, போன தடவை கால் வெந்தது மறந்துபோச்சா? சட்டி போனா வேற சட்டி!"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அணைத்தேன்.

"சேங் பெரியம்மாவுக்குக் காது கேக்காது, பக்கத்து வீட்டுல இருக்கறவங்க கதவை உதைங்க. மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள்ள இருக்கு, அதையும் எடுங்க. வாத்தியாரே, புஸ்தகம் அப்புறம், முதல்ல பொண்டாட்டி!"

எந்த வீட்டில் யார் எதற்காகத் தாமதிப்பார்கள் என்று புவாலைக்குத் தெரியும். பதினோரு வருடம் அவள் திட்டியது எல்லாம் இதைத் தெரிந்து வைத்திருந்ததால்தான். பலகையில் எழுதுவாள், லம்யை படிப்பாள், புவாலை இடுப்பில் சுற்றிய பாசின் துணியின் ஓரத்தால் அழிப்பாள், அடுத்ததை எழுதுவாள். கதவுகள் திறந்தன. ஜனம் மேட்டை நோக்கி நடந்தது, பிறகு ஓடியது.

கடைசி வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

புவாலை பலகையில் 'தோங்' என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. மகனை என்ன சொல்லித் திட்டுவது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை.

லம்யை மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"தோங் அண்ணே. லம்யை பேசறேன். ஜன்னலைத் திற. இது பொட்டி இல்ல, நான். அன்னிக்கு நீ சொன்னதுல பாதி சரிண்ணே. மீதிப் பாதிக்கு நேர்ல வந்து சண்டை போடு. இப்ப குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வாடா, கழுதை!"

அண்ணனை 'டா' போட்டதை ஊரே கேட்டது. ரேடியோ நின்றது. ஜன்னல் திறந்தது. தோங் தலையை நீட்டி, ஆற்றைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான்.

"என்ன சொன்னே?" என்று ஜன்னலிலிருந்தே கத்தினான், அங்கே கேட்காது என்பதையும் மறந்து.

"கழுதைன்னு சொன்னா!" என்று நான் கத்தினேன். "அப்புறம் கேட்டுக்கோ, முதல்ல குழந்தையைத் தூக்கு!"

மயுரியையும் குழந்தையையும் பிக்கப் வண்டியில் ஏற்றி மேட்டில் விட்டான். அதோடு நிற்கவில்லை. திரும்ப இறங்கி வந்து சேங் பெரியம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மூன்றாம் நடையில் என்னையும் என் மாவு டின்னையும் ஏற்றிக்கொண்டான். சட்டியை நான் கேட்கவில்லை.

ஏழு முப்பத்திரண்டுக்கு ஆற்று நீர் தெருவுக்குள் வந்தது. எந்திரம் சொன்னதற்கு எட்டு நிமிடம் முன்னால். என் கடையின் தார்ப்பாய் முதலில் போனது, பெஞ்சு அதன் பின்னால் போனது. தோங் வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் வரை ஏறியதை மண்டபத்துப் படியில் நின்று பார்த்தோம். காலையில் அவன் சாத்தி வைத்திருந்த அதே ஜன்னல். மயுரி குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

லம்யை வந்தபோது தோங் அவள் முன்னால் போய் நின்றான். இருவரும் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தார்கள்.

"கழுதையா?"

"அம்மா எழுதலைண்ணே. நானே சொன்னேன்."

"தெரியுது. அம்மாவா இருந்தா எருமைன்னு சொல்லியிருப்பாங்க" என்றான். குழந்தையை வாங்கி அவள் கையில் கொடுத்தான்.

தலை எண்ணினோம். நூற்று எண்பத்தேழு பேர், ஒருவர் குறையவில்லை. இன்பானின் ஒன்பது பன்றிகளில் ஏழு, விகாரைச் சுவர் ஓரமாக நீந்தி வந்து சேர்ந்தன. அவர் ஒவ்வொருவரிடமும் போய், "எனக்குத்தான் முதல் திட்டு, கேட்டீங்கல்ல?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

*

ஒன்பதரை மணிக்கு மாவட்டத் துணை அதிகாரி படகில் வந்தார். மழைக்கோட்டு, இடுப்பில் வயர்லெஸ், கூடவே படம் எடுக்க ஒரு ஆள். நல்ல மனிதர்தான், ராத்திரி முழுக்கத் தூங்காத கண். மண்டபத்தில் எல்லோரையும் பார்த்ததும் கை கூப்பினார்.

"நூத்தி எண்பத்தேழு பேரும் பத்திரம்! எங்க எச்சரிக்கைக்கு முன்னாடியே எந்திரம் ஒரு ஊரைக் காப்பாத்திருக்கு. லம்யை, இங்க வாம்மா, அம்மா பக்கத்துல நில்லு, ஒரு படம் எடுத்துக்கலாம். ஆளுநருக்கு இன்னிக்கே அனுப்பணும்."

அவள் பேசாமல் போய் நின்றிருக்கலாம். சிரித்திருந்தால் போதும். நாங்கள் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம், எங்கள் பெண் அல்லவா?

குழந்தையை மயுரியிடம் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எந்திரம் தண்ணியைச் சரியாப் பார்த்துச்சு சார். அதுல எனக்குப் பெருமைதான். ஆனா மூணு தடவை சொல்லியும் ஒருத்தர் எழுந்திரிக்கலை. எங்க அம்மா பேச்சுல எது வேணும், எது வேணாம்னு நான் உக்காந்து முடிவு பண்ணேன். ஊர்ல ஒருத்தரையும் கேக்கலை, அம்மாவையும் கேக்கலை. தப்பு எந்திரத்து மேல இல்ல, என் மேல. சரி பண்ற வரைக்கும் வேற எந்த ஊர்லயும் இதை மாட்டக் கூடாது. இதை எழுதி ஆளுநருக்கு அனுப்புங்க."

படித்த பெண்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். பாராட்ட வந்தவரை நிறுத்தி வைத்து, தன் தப்பை ஊர் நடுவில் சொன்னவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். தோங் தங்கைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது.

"வேற ஊர்ல மாட்டக் கூடாதுன்னா... நேத்து சாயங்காலமே மாட்டியாச்சேம்மா. கீழே பன்னிரண்டு ஊர். உங்க கம்பெனி ஆளுங்கதான் வந்து மாட்டிக் குடுத்தாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"மழை வருதே, சீக்கிரம் ஆகட்டும்னு நாங்கதான் அவசரப்படுத்தினோம்."

எல்லோரும் ஆற்றைப் பார்த்தோம். எங்கள் தெருவை முடித்துவிட்டு அது கீழேதான் போய்க்கொண்டிருந்தது.

"முதல் ஊருக்கு எத்தனை மணிக்குப் போகும்?" என்று தோங் கேட்டான்.

"ஹுவாய்காய்க்கு மத்தியானம் ஒரு மணிக்குள்ள" என்றார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது. "ஃபோன் கோபுரம் சாஞ்சிருச்சு. வயர்லெஸ்தான். ஆனா மேல கேக்காம நானா எப்படி..."

அவர் முடிப்பதற்குள் புவாலை எழுந்து வந்தாள். அவர் இடுப்பிலிருந்து வயர்லெஸ்ஸை உருவினாள். பொத்தானை அழுத்தி மகளின் வாய்க்கு நேரே பிடித்தாள். அதிகாரி தடுக்கவில்லை. அலைவரிசையைத் தானே திருப்பி வைத்தார்.

"ஹுவாய்காய், ஹுவாய்காய். தா லோவிலேர்ந்து பேசறேன்."

கரகரப்பு. பிறகு ஒரு ஆண் குரல் நிதானமாகப் பதில் சொன்னது. "ஹுவாய்காய்த் தலைவர்தான். சொல்லுங்க. இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல, சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

அவர் பேச்சுக்குப் பின்னால், அந்த ஊர் ஒலிபெருக்கியும் கேட்டது.

"மதிப்பிற்குரிய ஹுவாய்காய் ஊர் மக்களுக்கு வணக்கம்..."

புவாலையின் குரல்.

அவள் வாழ்நாளில் காலடி வைக்காத ஊர். அங்கே அவள் குரல், தெரியாத மனிதர்களிடம் தயவுசெய்து என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் ஒவ்வொருவராகத் திரும்பிப் புவாலையைப் பார்த்தோம். அவள் கை தன்னை அறியாமல் தொண்டையில் இருந்த தழும்புக்குப் போனது. மறு கையால் மெல்லப் பலகையில் எழுதினாள்.

"என் குரலை யாருக்குக் குடுத்தே?"

லம்யை தலையைக் குனியவில்லை.

"கம்பெனி காகிதத்துல கையெழுத்துப் போட்டேன்மா. முழுசாப் படிக்கலை."

வயர்லெஸ்ஸில் அந்தத் தலைவர், "ஹலோ? யாரு பேசறது? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

புவாலை மகளைப் பார்த்தாள். பிறகு பாசின் ஓரத்தால் பலகையை அழுத்தித் துடைத்தாள். பெரிய எழுத்தில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல திட்டு."